வாசலைப் பார்த்த சப்பாத்துகள்

வெஸ்ட் ஈலிங்கில் எங்கள் பக்கத்து வீட்டு யூகோ, ஜப்பான்காரி, என்னையும் மனைவியையும் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். காலுறை ஓட்டையால் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அதை மறைக்கிற அவதியில் திரும்பினால், யூகோ குனிந்து என் சப்பாத்துகளைத் தெருப் பக்கம் பார்க்கத் திருப்பி வைக்கிறாள்.

என்னை அறியாமலே ஒரு கால் வாசற்படியால் இறங்கிவிட்டது.

"என்னப்பா, வந்த உடனேயே போகச் சொல்லுறாவோ?" என்று மனைவியின் காதுக்குள் கேட்டேன்.

"சும்மா இருங்கோ. போகேக்க சுகமாய்க் காலில கொழுவட்டும் எண்டு வைக்கிறா. அது அவையின்ர மரியாதை," என்றாள் மனைவி.

நான் சிறுவனாய் இருந்த சண்டைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் எங்கள் செருப்புகளும் இப்படித்தான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. பொழுதுபட்டதும் அப்பா எல்லாவற்றையும் பதுங்குகுழிப் பக்கம் பார்க்க அடுக்குவார். ஈர ரப்பர் மணம் பாய்வரை வரும். ஒருநாள் என்னுடையது உள்பக்கம் திரும்பிக் கிடந்தது.

"நீ திருப்பிப் போடுமட்டும் செல் குண்டு பாத்துக்கொண்டு நிக்குமோ?"

"அதுவும் செருப்புக் கொழுவ வேணுமெல்லே அப்பா," என்றேன்.

முதுகில் அடி விழுந்தது. அடித்த கையாலேயே அப்பா என் செருப்பைத் திருப்பி வைத்தார்.

அப்பாவில் எனக்குக் கோபமில்லை. ஒரு சின்னப் பிள்ளையின் செருப்பைக்கூட ஓட ஆயத்தமாய் வைக்கப் பண்ணினார்களே, செல்லடித்தவர்கள், அவர்களில்தான். நரைத்த பிறகும், ஒரு மனுசி மரியாதை செய்ய நான் ஓடப் பார்க்கிறேன். நினைக்க எரிகிறது.

யூகோவின் பச்சைத் தேநீர் வேப்பிலைச் சாறுபோலக் கசந்தது. மனைவி எழும்பச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். நான் இரண்டாம் கோப்பையை வாங்கி, காலை நீட்டி, பெருவிரல் தெரியத் தெரிய, அவசரமில்லாமல் ஆறுதலாகக் குடித்தேன்.