யூலியானா ரீச்சரின் சொல்வதெழுதல்

பஸ்ரியாம்பிள்ளை இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை கொடுத்தவர். மணலில் விரலால் எழுதிக் காலால் அழித்தார். சிலேற்றில் எழுதி எச்சிலால் அழித்தார். கொப்பி வாங்கும் வகுப்பு வருவதற்குள் தகப்பன் வள்ளத்தில் ஏற்றிவிட்டார். பிறகு அவர் பேனை பிடித்தது கலியாணப் பதிவில்தான். அந்தக் கையெழுத்தைப் பார்த்தவர்கள், பதிவுப் புத்தகத்தில் நண்டு ஏறிவிட்டது என்று தட்டிவிடப் பார்த்தார்களாம்.

இப்போது எழுபத்துநாலு வயதில், நாரந்தனை வீட்டில் தனியே இருந்து, நாலாம் வகுப்புப் படிக்கிறார். பின்னேரம் நாலு மணிக்குக் கதிரையை இழுத்துப் போட்டால் வகுப்புத் தொடங்கும். ரீச்சர் அவருடைய மனைவி யூலியானா. மனிசி செத்து மூன்று வருசம். குரல் மட்டும் ஒரு கசெற்றில் இருக்கிறது.

யூலியானா நெடுந்தீவில் படிப்பித்தவர். காற்றுக் கிளம்பினால் குறிகட்டுவானில் இருந்து படகு ஓடாது. ரீச்சர் இந்தக் கரை, பிள்ளைகள் அந்தக் கரை. அதனால் சொல்வதெழுதலை வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் கசெற்றில் பதிந்து, முன்கூட்டியே பள்ளிக்கூட அதிபரிடம் கொடுத்து வைத்திருப்பார். ஒரு வசனம் சொல்வார். பிள்ளைகள் எழுதி முடிக்கும் மட்டும் பேசாமல் இருப்பார். பிறகு அடுத்தது. நடுவிலே, "றொஜன், பக்கத்துக் கொப்பியைப் பாராதை" என்றும் பதிந்து வைப்பார். நெடுந்தீவில் றொஜன் அந்த நேரம் சரியாகப் பக்கத்துக் கொப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். கசெற் போடும் பெட்டிக்குக் கண் இருக்கிறதென்று பயந்து, மாரி முழுக்க அந்த வகுப்பில் ஈ இலையான்கூடப் பறக்கவில்லையாம்.

எஞ்சியது ஒரேயொரு கசெற்.

"சுருவிலுக்குப் போன மாமா பெரிய சுறா ஒன்று வாங்கி வந்தார். முற்றுப்புள்ளி."

நாலாம் வகுப்புக்கு விட்ட நேரத்தில் பஸ்ரியாம்பிள்ளை மாமாவைக்கூட முழுதாக எழுதி முடிக்கமாட்டார். கடலில் ஆயிரம் சுறா பிடித்த மனிதருக்குக் கொப்பியில் ஒன்று அகப்படவில்லை. ஆனாலும் அந்த இடைவெளிக்காகத்தான் அவர் கசெற்றைப் போடுவார். காதைக் கொடுத்தால் பழைய குசினி கேட்கும். ஒரு சேவல். கொதிக்கிற கேத்தில் மூடி. பிறகு பெரிய இருமல் ஒன்று. அது அவருடைய இருமல்தான், இருபது வருசத்துக்கு முந்தியது. உடனே யூலியானா குரலை அடக்கி, "இஞ்சாருங்கோ, சத்தம் போடாதேங்கோ" என்பார். அந்த இடம் வந்ததும் பஸ்ரியாம்பிள்ளை பேனையை வைத்துவிடுவார்.

போன ஆவணியில் பெட்டி நாடாவைச் சப்பத் தொடங்கியது. கசெற்றைச் சட்டைப் பையில் வைத்து, முட்டை கொண்டுபோகிறவர்போலப் பஸ்சில் யாழ்ப்பாணம் போனார். திருத்துகிற கடைக்காரன் வசீகரன் நாடாவை இழுத்துப் பார்த்தான்.

"உக்கிப்போச்சு ஐயா. இன்னும் ஒருக்காத்தான் ஓடும். அதுக்குள்ள உங்கட போனுக்கு ஏத்தித் தாறன்."

"குரல் வருமோ தம்பி?"

"முந்தியிலும் பாக்க நல்லா வரும். ஆர் பேசுறது?"

"ரீச்சர்."

"இந்த வயசிலயும் ரீச்சருக்குப் பயமோ?"

"நான் கட்டின ரீச்சர் தம்பி. பயம் இல்லாமல் இருக்குமோ?"

இரண்டு மணித்தியாலம் கடைவாசல் வாங்கில் குந்தியிருந்தார். வசீகரன் முகமெல்லாம் சிரிப்போடு போனை நீட்டினான்.

"நாப்பது நிமிசத்தைப் பதினொண்டாக்கிப் போட்டன், ஐயா. இடையில சும்மா கிடந்ததெல்லாம் வெட்டியாச்சு. சேவல் ஒண்டு கத்தினது, ஆரோ இருமினது, அதுக்கு ரீச்சர் ஏசினது, ஒண்டும் இல்லை. கண்ணாடி மாதிரி இருக்கு."

"வெட்டினது எங்கை?"

"அழிச்சிட்டன், இடம் காணாது. நாடாவும் கடைசியில அறுந்துபோச்சு. நல்ல காலம், அதுக்கு முதல் எடுத்திட்டன்."

இவ்வளவு பாடுபட்டவனை என்னவென்று ஏசுவது. "நல்லது தம்பி" என்றுவிட்டு, அறுந்த நாடாவையும் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

மறுநாள் நாலு மணிக்குப் போனைத் தட்டினார். வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் யூலியானா மூச்சு விடவில்லை. மாமா சுருவிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் மழை பெய்து, கிணறு நிரம்பி, பள்ளிக்கூடமும் விட்டுவிட்டது.

"கொஞ்சம் பொறுமப்பா," என்றார். யூலியானா பொறுக்கவில்லை.

நாலாம் நாள்தான், போனில் இரட்டைக் கோடு போட்ட இடம் ஒன்று விரலில் பட்டது. குரல் நின்றது. முப்பத்தாறு வருசக் குடித்தனத்தில் யூலியானாவின் பேச்சை அவர் நிறுத்தியது இதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். சொல்ல ஆள் இல்லை.

ஆறுதலாக எழுதினார். சுருவில், மாமா, வாலோடு சுறா, முற்றுப்புள்ளி. முதல்முறையாக ஒரு வசனம் முழுதாக வந்திருந்தது.

உடனே தட்டவில்லை. அயல் வளவில் சேவல் கத்தியது. அடுப்பில் கேத்தில் மூடி ஆடியது. பஸ்ரியாம்பிள்ளை ஒருக்கா இருமினார். பொறுத்துப் பார்த்தார். பிறகு கூரை ஓடு கழன்று விழுகிற மாதிரி, வேண்டுமென்றே பெரிதாக இருமினார்.

"இஞ்சாருங்கோ" வரவில்லை.

விரலை வைத்துத் தட்டினார்.

"றொஜன், பக்கத்துக் கொப்பியைப் பாராதை."

மேசையில் ஒரு கொப்பிதான் இருந்தது.