புளியறை வளைவில் கிடைத்த கையெழுத்து

போன செவ்வாய்க்கிழமை காலையில் ஐந்தருவிக்குச் சவாரி ஏற்றிக்கொண்டிருந்தேன். எண்ணெய் தேய்த்த தலைகள் ஏழு, ஒரு கூடை மாம்பழம், எல்லாம் என் காருக்குள். பக்கத்துக் கார் ஓட்டும் மைதீன் ஓடிவந்து ஜன்னலில் கை வைத்தான்.

"கொழும்பண்ணே, நம்ம இன்சூரன்ஸ் அண்ணாச்சி போயிட்டாவ."

"எங்கன?" என்று கேட்டேன். என் புத்தி அப்படி.

"போயிட்டாவன்னா எங்கனன்னா கேப்பாக? விடியக்காலம், தூக்கத்துலயே."

நல்லவேளை, கட்டிலில் போனார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. காரில் போயிருந்தால் "நான் அப்பவே சொன்னேன் பாத்தியா" என்று மேலே போயும் என்னை ஏசியிருப்பார்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காகிதம் என்று எது வந்தாலும் எனக்கு அண்ணாச்சிதான் எழுதித் தருவார். இதை எழுத அவர் இல்லை.

சங்கரலிங்கம் அண்ணாச்சியைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய கறுப்புக் குடையும் தகரப் பெட்டியும் தெரியும். தென்காசி வட்டாரத்தில் பாதிக் கார்களுக்கு இன்சூரன்ஸ் எழுதியவர். ஆனால் எந்தக் காரிலும் ஏறமாட்டார். தென்காசியிலிருந்து மேலகரம் வழியாகக் குற்றாலத்துக்கு நடந்தேதான் வருவார். "சும்மா ஏறுங்க அண்ணாச்சி" என்று நாங்கள் ஹாரன் அடித்தால் பெட்டியைத் தட்டிக் காட்டுவார். "மோதின காரோட கதை பூராவும் இதுக்குள்ள இருக்கு. இதைப் படிச்சவன் ஏறமாட்டான் வே."

எனக்கும் அவருக்கும் பழக்கம் உண்டானது இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறுவருஷம். என் அப்பா மேலகரத்துக்காரர் என்றாலும் நான் பிறந்தது கொழும்பில். அங்கே பதினாறு வருஷம் கார் ஓட்டிவிட்டு, நாற்பது வயதுக்கு மேல்தான் இந்த நாட்டை முதல்முதலாகப் பார்த்தேன். கையில் இருந்ததும் பெண்டாட்டி கழுத்தில் இருந்ததும் சேர்ந்து ஒரு பழைய காராகி வாசலில் நின்றது. சாரல் சீசனும் தொடங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து, மறுமாதம் முதல் இன்சூரன்ஸ் இல்லாத வாடகைக் கார் ரோட்டில் ஓடக்கூடாது என்று சட்டம் வந்தது. சீசனை விட்டால் காரை விற்றுவிட்டுக் கப்பல் ஏற வேண்டியதுதான்.

அண்ணாச்சி விண்ணப்பத்தை விரித்துவைத்துக் கேட்டார். "உம்மைத் தெரிஞ்சவங்க ரெண்டு பேரு வேணும். யாரு இருக்கா?"

"எங்க அப்பாவை ஊருக்கே தெரியும்."

"கார் ஓட்டப்போறது உங்க அப்பாவா?"

"அவர் செத்துப் பதினஞ்சு வருசமாச்சு அண்ணாச்சி."

"அப்ப அவரை விடும்."

பட்டணத்துக் கம்பெனியில் இருந்து பதில் வந்தது. இந்த நாட்டில் ஓட்டின அனுபவம் இல்லை, கொழும்பில் ஓட்டினது கணக்கில் சேராது, ஆகையால் முடியாது. எனக்கு வந்ததே கோபம். "ஏன், அங்கன என்ன கார் தலைகீழாவா ஓடுது?" என்று கத்தினேன். டீக்கடையில் இருந்த ஒருவர் அண்ணாச்சிக்கு வழி சொன்னார். "நீங்களே கூட உக்காந்து பாத்ததா ஒரு வரி எழுதிப் போடுங்களேன், யாரு கேக்கப்போறா?"

"பாக்காததை எழுதுற ஆளு நான் இல்ல. அதுக்கு வேற ஆளு தெக்குத் தெருவுல இருக்கான்" என்றார் அண்ணாச்சி. பிறகு என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "கதவைத் திறம் வே. புளியறை வரைக்கும் போவோம்" என்றார். டீக்கடையே எழுந்து நின்றது!

செங்கோட்டை தாண்டியும் பின்சீட்டில் கண்ணை மூடியே இருந்தார்.

"அண்ணாச்சி, கண்ணை மூடிக்கிட்டு எதைப் பாத்ததா எழுதப்போறீங்க?"

"சத்தத்தைப் பாக்கேன். பேசாம ஓட்டும்."

புளியறைக்கு மேலே மலைரோடு ஏறும் வளைவில், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பாதி வளைவில் இருக்கிறோம். மேலே இருந்து மரத்தடி ஏற்றின திருவிதாங்கூர் லாரி ஒன்று ஓயாமல் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்குகிறது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும். அது எனக்கும் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும். அந்த லாரிக்குத்தான் தெரிந்ததாகக் காணோம். அண்ணாச்சி கண்ணைத் திறந்துவிட்டார்.

"ஏறுற நமக்குத்தானே வே உரிமை?"

"உரிமை நம்மகிட்ட இருக்கு அண்ணாச்சி. பிரேக் அவன்கிட்ட இல்ல போலிருக்கு. இறங்குதீங்களா?"

"இறங்க ஏது நேரம்? பின்னால எடும்!"

எடுத்தேன். அதற்கப்புறம் நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வரும், மயிரும் சிலிர்க்கும். கார் என்றாலே நடுங்குகிற மனுஷன் சீட்டில் முட்டி போட்டுப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்து, "வலது வாரும்... இன்னும்... பள்ளம், பள்ளம்! இடது!" என்று சத்தம் கொடுக்கிறார். கீழே ஒரு மாட்டுவண்டி வந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே குடையை நீட்டி, "வண்டிக்காரரே, ஓரங்கட்டும்! இது இன்னும் இன்சூர் ஆகாத கார்!" என்று கூவினார். மாடுகள் ஒதுங்கின. வளைவு முழுக்கப் பின்னாலேயே இறங்கி, அகலமான இடத்தில் பாறையோரம் ஒதுக்கினேன். லாரி எங்களை உரசாமல் கடந்துபோய், கீழே ரோட்டோர மேட்டில் ஏறி நின்றது. அதன் டிரைவர் இறங்கி வந்து எங்களைக் கையெடுத்துக் கும்பிட்டான்.

புளியறைக் கடையில் ஒரு சோடா குடித்தார். கார் பானட்டின் மேல் பெட்டியைத் திறந்துவைத்து, இங்கிலீஷில் எழுதி, எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார். 'இந்த நாட்டில் எத்தனை காலம் ஓட்டியிருக்கிறார்?' என்ற கேள்விக்கு எதிரே எழுதியிருந்தது இதுதான்: 'ஒரு நாள். அந்த ஒரு நாளும் நான் உடன் இருந்தேன். தன் உரிமையை விட்டுப் பின்னால் வரத் தெரிந்தவர்.' கீழே கையெழுத்து. எழுத்து குண்டுகுண்டாக இருந்தது.

"வாங்க அண்ணாச்சி, திரும்பிப் போவோம்" என்றேன், துள்ளிக்கொண்டு.

"பாக்க வேண்டியதைப் பாத்தாச்சு. ஒரு நாளைக்கு இது போதும்" என்று குடையை விரித்தார். செங்கோட்டை வரைக்கும் நடந்துபோய் ரயில் ஏறித்தான் ஊர் வந்து சேர்ந்தார்! நான் பக்கத்திலேயே காரை உருட்டிக்கொண்டு ஒரு மைல் தூரம் கெஞ்சினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பத்தே நாளில் கம்பெனியில் இருந்து இன்சூரன்ஸ் வந்துவிட்டது. அந்தச் சீசனில் என் கார் நிற்க நேரமில்லாமல் ஓடியது. அந்த ஓட்டத்தில்தான் நான் இந்த ஊர்க்காரன் ஆனேன்.

அதற்கப்புறம் வருஷாவருஷம் புதுப்பிக்க வருவார். ஏறமாட்டார். காரை ஒருதரம் சுற்றி வருவார். "கொஞ்சம் பின்னால எடும், பாப்போம்" என்பார். பத்தடி எடுப்பேன். விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "கீறல் இல்ல. சரி" என்று கையெழுத்துப் போடுவார். "மாப்பிள்ளை பாக்க வந்தவரு மாதிரி எதுக்கு இப்படிச் சுத்துதீங்க?" என்று நான் சீண்டாத வருஷம் இல்லை. "மாப்பிள்ளைன்னா இவ்வளவு பாக்கமாட்டேன் வே" என்பார்.

அந்த எழுத்தின் நகல் ஒன்று காரிலேயே இருக்கிறது. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. இங்கிலீஷ் தெரிந்த சவாரி யாராவது ஏறினால் வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். என்னிடம் அவருடையது என்று இருப்பது அதுவும், பின்னால் எடுக்கிறபோதெல்லாம் காதில் விழுகிற அந்த "வலது வாரும்" சத்தமும்தான்.

செவ்வாய்க்கிழமை சவாரியை மைதீனுக்கு மாற்றிவிட்டு, மாலை வாங்கிக்கொண்டு தென்காசிக்குப் போனேன். அவர் தெருவில் கார் திருப்ப இடம் கிடையாது. தெரு நிறைய ஜனம். கும்பிட்டுவிட்டு வந்து, அவர் வாசலில் இருந்து தெருமுனை வரைக்கும் பின்னாலேயே எடுத்தேன். முனையில் இறங்கிக் காரை ஒருதரம் சுற்றி வந்தேன். விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன்.

கீறல் இல்லை, அண்ணாச்சி.