வண்டிக்குக் கொடுத்த தண்ணீர்

என் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் முதலில் அந்தக் காரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மாப்பிள்ளை எந்த ஊர், என்ன வேலை என்று ஒருவரும் கேட்பதில்லை. "ராசா பிளசர்ல போனியளாமே, நெசமா?" நெசம்தான். பெரிய தெருவில் பாதி வழியில் அது நின்றுபோனதும் நெசம்தான். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். நான் அழுதேனாம். யார் அழுதது? வண்டிக்குள் இருந்தவள் நான். நானே சொல்கிறேன், கேளுங்கள்.

அந்தச் சீமைக் கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. உலகம் முழுக்கப் பேர் வாங்கிய கம்பெனி, என் தயவு அதற்குத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழைந்ததும் இல்லை. கார் என்றாலே பிளசர்; இது ராசா பிளசர், அவ்வளவுதான். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளில் அதைப் பற்றிப் பேசாத பேச்சு கிடையாது. காசு இருந்தால் மட்டும் போதாதாம், எந்த வம்சம் என்று விசாரித்துத்தான் வண்டியைத் தருவார்களாம். பானட்டுக்குக் கம்பெனிக்காரனே சீல் வைத்து அனுப்புவானாம், வேறு யாரும் திறக்கக் கூடாதாம். ரிப்பேர் என்பதே வராதாம். அப்படியே வந்தாலும் சீமையிலிருந்து விமானத்தில் ஆள் வந்து சரிசெய்துவிட்டு, எங்கள் வண்டி ரிப்பேர் ஆனதே இல்லை என்று சாதித்துவிட்டுப் போவானாம். வடக்கே ஒரு ராஜாவை ஆள் தெரியாமல் கடைக்காரன் விரட்டிவிட, அவர் ரோசப்பட்டு ஏழெட்டு வண்டியை ஒரேயடியாக வாங்கி ஊர்க் குப்பை அள்ள விட்டாராம். மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும், இந்தக் கடைசிக் கதை எனக்குப் பிடிக்கும். நிஜமோ பொய்யோ, அந்த ரோசம் எனக்குப் புரிந்தது.

எங்கள் பக்கத்துக்கு அது ஒரு பழைய ஜமீனிலிருந்து வந்தது. ஜமீன் ஒழிந்து, மாளிகையில் வௌவால் குடியேறி, வண்டி நின்ற கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த நேரத்தில் அதை ஒருவர் வாங்கிவந்தார். சங்கரன்கோவிலில் கல்யாணங்களுக்குக் காரும் பந்தலும் லைட்டும் வாடகைக்கு விடுகிற முதலாளி. அவருடைய ஷெட்டில்தான் என் அண்ணன் மெக்கானிக். சீல் எங்கே இருந்தது? அண்ணன் பானட்டைத் தூக்கியபோது உள்ளே எலிக்கூடு இருந்தது. ஒரு வருஷம் அதோடு மல்லுக்கட்டினான். கிடைக்காத சாமானை லேத்தில் கடைந்தான், லாரி ஹோஸை வெட்டி மாட்டினான். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்பொடியைக் கரைத்து ஊற்றுவான், அது சின்ன ஓட்டையை எல்லாம் அடைத்துவிடும். லாரிக்குச் செய்கிற வைத்தியம்தான். ராஜாவுக்கென்று தனி மஞ்சளா அரைப்பார்கள்?

வண்டி முதல்முதலாக ஓடிய அன்று நானும் ஷெட்டுக்குப் போயிருந்தேன். ஓடுகிற என்ஜின் மேல் ஒரு ரூபாய்க் காசை நெட்டுக்குத்தலாக நிறுத்திக் காட்டினான் அண்ணன். விழவில்லை. "பாத்தியாட்டி, பேரு சும்மா வரலை" என்றான். அந்த விஷயத்தில் நானும் கம்பெனியைக் குறை சொல்ல மாட்டேன். வேலை சுத்தம். பிறகு ஒருநாள் டவுன் நூலகத்தில் ஒரு வாரப் பத்திரிகையைப் புரட்டியபோது, அந்தக் காரைச் செய்யத் தொடங்கியவர்களில் ஒருவர் ஏழை வீட்டுப் பிள்ளை என்றும், பேரும் புகழும் வந்த பிறகும் தன்னை மெக்கானிக் என்றே சொல்லிக்கொண்டார் என்றும் போட்டிருந்தது. ஓடிவந்து அண்ணனிடம் சொன்னேன். கிரீஸ் கையோடு சிரித்தான். "அப்போ நம்ம சொக்காரன், சொந்தக்காரந்தாம்னு சொல்லு" என்றான்.

இனி எங்கள் ஊரைப் பற்றிச் சொன்னால்தான் மீதி விளங்கும். சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். எங்கள் தெரு ஊரின் கடைசியில். ரோட்டுக்கு வர வேண்டுமென்றால் நிலம் வைத்திருப்பவர்களின் பெரிய தெருவைத் தாண்டித்தான் வர வேண்டும், வேறு பாதை கிடையாது. பெரிய தெரு முனை வந்ததும் எங்கள் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுப்பார்கள். தெரு முடிகிற பாலத்தில் மறுபடியும் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறுவார்கள். தாகத்துக்குக் கேட்டால் கையைக் குவிக்கச் சொல்லி, செம்பு படாமல் உயர நின்று ஊற்றுவார்கள். இதெல்லாம் கூடாது என்று சட்டம் வந்து வருஷம் எத்தனையோ ஆகியிருந்தது. சட்டமும் பெரிய தெரு முனையில் இறங்கிச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டது போலிருக்கிறது.

முதலாளி அண்ணனுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "ஒந் தங்கச்சி கல்யாணத்துக்கு இந்த வண்டிதாம்ல." எழுபதுகளின் கடைசியில், ஒரு வைகாசியில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ராயகிரி. கல்யாணம் டவுனில், மண்டபத்தில். பெண்ணை எங்கள் வீட்டிலிருந்து காரில் அழைத்துப் போவதாக ஏற்பாடு. முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது முதலாளி எங்கள் வீடு தேடி வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. முகத்தைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது.

"பெரிய தெருவுல என்னையக் கூப்புட்டு விட்டாவ" என்றார் அண்ணனிடம். "வண்டி போகட்டும், அதுல ஒண்ணுமில்லங்காவ. பொண்ணு மட்டும் தெருவைத் தாண்டிப் பாலத்துல வந்து ஏறிக்கிடட்டும்னு சொல்லுதாவ. பெரிய ராசா இருந்த சீட்டு, பாத்துக்கோ."

அண்ணன் வாயைத் திறக்கும் முன் நான் வெளியே வந்துவிட்டேன். கல்யாணப் பெண் பேசக் கூடாது என்பார்கள். பேசாமல் இருந்தவர்களுக்கு என்ன கொட்டிக் கொடுத்துவிட்டார்களாம்?

"வண்டி எங்க வீட்டு வாசலுக்கு வரணும், அண்ணாச்சி. நான் இங்கன ஏறி, மண்டபத்துலதான் எறங்குவேன். அது முடியாதுன்னா வாக்கு மாறுனவரு வண்டின்னு ஒரு கடுதாசி எழுதி அந்தக் காருல ஒட்டிருங்க."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏட்டி, நாலு எட்டு நடந்தா காலு தேஞ்சா போயிரும்?"

"ஒனக்குத் தேஞ்சது போதும்மா. எனக்கு வேண்டாம்."

முதலாளி அண்ணனைப் பார்த்தார். "என்னல, இவ இப்படிப் பேசுதா?"

"அவ சரியாத்தான பேசுதா" என்றான் அண்ணன். "வண்டியை நாந்தான் ஓட்டுதேன். என்ன வந்தாலும் எம்மேல போடுங்க." முதலாளி திரும்பிப் போனார். பயந்த மனுஷன்தான், ஆனால் வாக்கு மாறுகிற மனுஷன் இல்லை. வண்டி வந்தது.

கல்யாணத்தன்று காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. தந்த நிறமும் மெரூனும் கலந்து, துடைத்துவைத்த குத்துவிளக்காக நின்றது வண்டி. மூக்கின் உச்சியில் சிறகு வைத்த ஒரு பொம்பளைச் சிலை. யாரோ அதற்குக் குங்குமம் வைத்து மல்லிகைச் சரமும் சுற்றியிருந்தார்கள். நான் பின் சீட்டில் ஏறினேன். அம்மா சீர்த் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டாள். முன்னால் மேளம், அதன் பின் எங்கள் சனம், கடைசியில் வண்டி.

பெரிய தெரு முனையில் மேளம் தானாக நின்றது. யாரும் சொல்லவில்லை, பழக்கம். எங்கள் சனம் குனிந்து செருப்பைக் கழற்றியது. வண்டி நுழைந்தது. அப்போதுதான் அந்த வேடிக்கை நடந்தது. வாசல்களில் உட்கார்ந்திருந்த கிழவர்கள் வண்டியைப் பார்த்ததும் சடாரென்று எழுந்துவிட்டார்கள். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது. ஒரு காலத்தில் ஜமீன்தார் அந்த வண்டியில் வரும்போது எழுந்து நின்ற உடம்பு, அதுபாட்டுக்கு எழுந்துகொண்டது. கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தபிறகுதான் யாருக்காக நிற்கிறோம் என்று தெரிந்தது. உடனே உட்கார்ந்தால் அசிங்கம், நின்றாலும் அசிங்கம். நான் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சனம் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல், பொத்திப் பொத்தி நடந்தது. அதன் பின்னால் வண்டியும் ஊர்ந்தது. அந்த வெயிலில், அந்த ஊர்தலில், எந்த ராசா வண்டிதான் தாங்கும்? பாதித் தெருவில் உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அண்ணன் என்ஜினை நிறுத்தினான். துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, வெகுநேரம் ஆவி தணியக் காத்திருந்து, அந்தச் சிலையைத் திருகிக் கழற்றினான். ரேடியேட்டருக்கு மூடியே அந்தச் சிலைதான். துண்டோடு என் மடியில் கொண்டுவந்து வைத்தான். சூடாக இருந்தது. "ஹோஸ் நல்லாருக்கு. ரேடியேட்டர்தான் ஒழுகுது. மஞ்சப்பொடி இருக்கா?" என்றான். சீர்த் தட்டில் இருந்த பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். மஞ்சளுக்குக் குறைவில்லை. தண்ணீருக்கு எங்கே போவது? வண்டி நின்றது ஊரிலேயே பெரிய வீட்டின் வாசலில்.

அந்த வீட்டுப் பெரியவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எங்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் ராஜாவின் வண்டி தன் வாசலில் நாதியற்று நிற்பது அதைவிடப் பிடிக்கவில்லை. உள்ளே குரல் கொடுத்தார். நிறைகுடம் ஒன்று வந்தது. பித்தளைக் குடம், புளி போட்டு விளக்கியது, பளபளவென்று. கொண்டுவந்த அம்மாள் அதை முன்சக்கரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

"ஏலே, வண்டிக்குத்தாம்ல தண்ணி" என்றார் பெரியவர். "ஒங்களுக்கில்ல."

எங்கள் சனத்தில் ஒருவரும் நிமிரவில்லை. அண்ணனும் குனிந்து குடத்தைத் தூக்கப் போனான். இரும்பும் ரப்பரும் தண்ணீர் கேட்டால் குடத்தோடு வருகிறது. அதை ஓடவைத்தவன் கேட்டால் கையைக் குவிக்க வேண்டும். எனக்கு அந்த நேரத்தில் வந்த கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

கதவைத் திறந்து இறங்கினேன். பட்டுச்சேலை, மாலை, கையில் அந்தச் சிறகுச் சிலை. காலில் புதுச் செருப்பு, கழற்றவில்லை. அம்மா சேலையைப் பிடித்து இழுத்தாள். சிலையை அவள் மடியில் போட்டேன்.

"அண்ணே, குடத்தைத் தூக்கிப் பிடி."

"ஏட்டி..."

"பிடின்னு சொல்லுதேன்லா."

பிடித்தான். நான் குனிந்து குடத்தின் விளிம்பில் வாயை வைத்துக் குடித்தேன். அண்ணாந்து அல்ல, வாய் வைத்து. மாலை நனைந்தது, சேலை நனைந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத தொண்டை. நல்ல தண்ணீர், அவர்கள் கிணற்றுத் தண்ணீர் அவ்வளவு இனிப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு அண்ணனைக் குடிக்கச் சொன்னேன். வெயிலில் வாடி நின்ற பிள்ளைகள் முதலில் என்னைப் பார்த்தன, பிறகு ஒன்றையொன்று பார்த்தன, பிறகு ஓடிவந்தன. அம்மா இறங்க மாட்டேன் என்றாள். அவளுக்கும் சீர்த் தட்டில் இருந்த டம்ளரில் பிடித்துக் கொடுத்தேன். குடம் காலி.

எங்கள் ஆட்கள் அந்தத் தெருவில் எல்லோரையும் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் பெரியவரைப் பார்த்துச் சொன்னேன்:

"அண்ணாச்சி, வண்டிக்கு இன்னொரு குடம் வேணும்."

அவர் முகம் போன போக்கை நான் சொல்லப்போவதில்லை. கையை ஓங்கியிருப்பார், சந்தேகமே இல்லை. ஆனால் வண்டி நகர வேண்டுமே. நகர்ந்தால்தானே நாங்கள் போவோம். இரண்டாவது குடம் வந்தது. அண்ணன் மஞ்சளைக் கரைத்து ஊற்றி, மிச்சத் தண்ணீரையும் விட்டு, சிலையைத் திருகி மூடினான். வண்டி ஒரே தட்டில் கிளம்பியது. வேலை சுத்தம் என்று நான் சொல்லவில்லையா? பாலத்தைத் தாண்டியதும் மேளக்காரர்கள் அடித்த அடி டவுனுக்கே கேட்டிருக்கும்.

அதற்கு விலை கொடுக்காமல் இல்லை. அந்தப் பருவத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் களை எடுக்கக் கூப்பிடவில்லை. அம்மா தினம் நாலு மைல் நடந்து வேறு ஊருக்கு வேலைக்குப் போனாள். அப்போதும் அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து அண்ணன் பெரிய தெருவில் சைக்கிளை விட்டு இறங்காமல் போனான். கல் வந்தது. மறுநாளும் போனான். பிறகு நாலு பேர் போனார்கள். இன்றைக்கு அந்தத் தெருவில் யாரும் இறங்குவதில்லை.

வண்டியைப் பின்னால் ஒரு பணக்காரர் பழைய கார் சேர்க்கிறேன் என்று வாங்கிப் போய்விட்டார். அது ராஜாக்களின் வண்டி என்று இன்னும் பேசுகிறார்கள். பேசட்டும்.

அன்றைக்குக் காலியான முதல் குடத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. என் காலடியில் வைத்து டவுனுக்குக் கொண்டுபோனேன், அங்கிருந்து ராயகிரிக்கு. நாங்கள் வாய் வைத்த குடம், அவர்களும் கேட்கவில்லை. கல்யாணமான முதல் வருஷமே பெரிய வீட்டுக்கு ஆள் மூலம் சொல்லியனுப்பினேன்: குடம் பத்திரமா இருக்கு, எங்க வீட்டுக்கு வாங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு எடுத்துட்டுப் போங்க. அடுப்படியில் இன்றைக்கும் அதில்தான் குடிதண்ணீர் பிடித்துவைக்கிறேன். அந்த வீட்டிலிருந்து இன்னும் ஒருவரும் வரவில்லை.