நெயிந்தோவின் காலுக்குச் சிம்பு

யெண்டி ஊருக்குப் போகும் சாலையில் எங்கள் வீட்டை ஒட்டியதுதான் எலும்பு கட்டும் நெயிந்தோவின் முற்றம். மரத்திலிருந்து விழுந்தவர், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர் என்று அங்கே எப்போதும் நாலு பேர் பாயில் கிடப்பார்கள். முறிந்த எலும்பை இழுத்து இடத்தில் உட்கார வைப்பது நெயிந்தோ. சோளத்தட்டையைச் சிம்பு சிம்பாகக் கீறி, நூலில் கோத்து, முறிவைச் சுற்றி அசையாமல் கட்டுவது அவர் மனைவி சனாத்து.

வலியில் கத்துகிறவர்களைக் கண்டால் நெயிந்தோவுக்குச் சிரிப்புதான். கத்துகிற வாயால் பாடித் தொலையேன் என்பார். இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். ஆளுக்குக் கால் முறிந்திருந்தால் ஒரு கோழியின் காலையும் அதே இடத்தில் முறித்து, சின்னச் சிம்பு வைத்துக் கட்டிவிடுவார். கோழி ஊன்றி நடந்துவிட்டால் ஆளுக்கும் கட்டை அவிழ்க்கலாம். அவருடைய அப்பாவும் அப்படித்தான் செய்தார்.

ஒருமுறை மழைக்கு முன்னால் கூரை வேய ஏறிய நெயிந்தோ, தெருவில் போன கறிக்கடை வும்பேயைக் கேலி செய்யத் திரும்பினார். கால் வழுக்கியது. கீழே விழுந்ததும் அவர் போட்ட சத்தத்தில் பாயில் கிடந்தவர்கள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது.

அடுத்த ஊரில் இன்னொரு கட்டுக்காரர் இருக்கிறார், வண்டி வைத்து அழைத்து வரலாம் என்று நான் சொன்னேன். சனாத்து கேட்கவில்லை. வெந்நீர் ஒற்றி, ஷியா மரக்கொட்டை வெண்ணெய் தடவி, விரலால் முறிவைத் தேடினாள்.

"நீயா இழுக்கப் போற?" என்றார் நெயிந்தோ.

"பின்ன, நீங்களே இழுத்துக்குவீங்களா? கால நீட்டுங்க."

தெருவிலிருந்து ஓடி வந்த வும்பே, போன வருஷம் கை முறிந்து அவரிடம் கட்டுப் போட்டுக்கொண்டவன். அவன் நெயிந்தோவின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு காதருகே குனிந்தான். "பாடுங்க பாபா."

பாடினார். அது எந்தப் பாட்டென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பாட்டு முடிவதற்குள் எலும்பு உட்கார்ந்துவிட்டது. சனாத்து சிம்பை வைத்து இறுக்கிக் கட்டினாள்.

பிறகு அவள் போய் ஒரு கோழியைப் பிடித்து வந்தாள். நெயிந்தோ அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத விட்டுடு சனாத்து. இவ்வளவு வலிக்கும்னு எனக்குத் தெரியாது."

"அப்ப கட்டு அவுக்கற நாள் எப்படித் தெரியும்?"

"நானே நடந்து பாத்துச் சொல்றேன்."

"அப்ப கோழி நீங்கதான்" என்றான் வும்பே. அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார்.

அவரைப் போல மோசமான நோயாளியை அந்த முற்றம் கண்டதில்லை. சிம்புக்குள் ஈர்க்குச்சியை விட்டுச் சொறிவார். சனாத்து கிணற்றுக்குப் போன நேரம் பார்த்து எழுந்து நிற்கப் பார்ப்பார். பக்கத்துப் பாயில் கிடப்பவர்களே காட்டிக்கொடுத்துவிடுவார்கள். சோளம் கதிர் விட்ட சமயம் சனாத்து கட்டை அவிழ்த்தாள். கால் நேராக இருந்தது.

அதற்குப் பிறகு அங்கே எந்தக் கோழியின் காலும் முறிபடவில்லை. எலும்பை இழுக்கும் வேலையில் பாதி இப்போது சனாத்துவுடையது. வெளியூர்க்காரர்கள் சாலையில் நின்று, "சனாத்து வீடு எது?" என்று கேட்டால், நெயிந்தோவே நடந்து போய்க் கூட்டி வருகிறார்.