ஹால் சுவருக்கு நான் வழங்கிய தீர்ப்பு

எங்கள் வீட்டு ஹாலுக்கு ஐவரியா, முத்து வெள்ளையா என்று நான்கு நாட்களாக உலகப்போர். சோபாவும் டிவியும் வராந்தாவில் அகதிகளாகக் கிடக்கின்றன.

இன்று பெயிண்டர் காதர் பாய் கறாராகச் சொல்லிவிட்டார். "இப்பவே முடிவு சொல்லுங்க சார். இல்லன்னா நாளைக்குக் கனகசெட்டிக்குளம் வேலைக்குப் போயிடுவேன். திரும்பி வர பதினஞ்சு நாள் ஆவும்."

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, செவுத்தப் பாத்து எது நல்லாருக்குன்னு சொல்லித் தொலைங்க!"

பாய் மாதிரிக்கு அடித்து வைத்திருந்த சுவரிலிருந்து மூன்றடி பின்வாங்கி, ஒரு கண்ணை மூடி, சக்கரவர்த்தியைப் போலத் தீர்ப்பளித்தேன்.

"வலது பக்கம் நேத்து தயிர். இடது பக்கம் பௌர்ணமி நிலா! இப்படி ஒரு கலர என் ஆயுசுல பாத்ததில்ல!"

பாய் தொண்டையைச் செருமினார்.

"சார், வலதுல இருக்கிறது ஐவரி. முத்து வெள்ளைய இன்னும் தொடவே இல்ல. இடது உங்க பழைய செவுரு."

மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"பதினோரு வருஷமா அதப் பாத்துக்கினுதான் டீ குடிக்கிறாரு. நீங்க ஐவரியே அடிங்க பாய். இவரு தயிருன்னா அது நல்லாத்தான் இருக்கும்."

சிரிக்கும் அன்பர்களே, தலையைத் தூக்காமல் சொல்லுங்கள்: உங்கள் வீட்டு ஹால் என்ன நிறம்?

'வெள்ளை' என்ற பதில் ஏற்கப்படாது.