கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி

அன்னை வயிற்றின் இருளிலும் துணையிருக்கும் அம்மையப்பன் திருவடிகளை வணங்கித் தொடங்குகிறேன். இன்று கார்த்திகை மாதத்து முதல் சோமவாரம். விரதமிருந்து எழுதும் இது, என் பிழையைப் பற்றியது.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மகள் உமையாளுடன் இருக்கிறேன். கர்ப்பிணிகளின் புகையிலைப் பழக்கத்தை ஆராயும் மருத்துவர் அவள். இப்போது அவளே கர்ப்பிணி. இந்நாட்டில் பேறுகாலச் சோதனைக்குப் போனால், முதலில் ஒரு குழாயில் ஊதச் சொல்கிறார்கள். மூச்சில் புகையின் சுவடு உண்டா என்று பார்க்கிறார்களாம். சென்ற வாரம் துணைக்குப் போயிருந்தேன். செவிலி என்னிடம் திரும்பி, சில கேள்விகள் கேட்க வேண்டும், சற்று வெளியே இருக்க முடியுமா என்றார். என்னை யாரோ என்று எண்ணிவிட்டார் போலும் எனக் கருதி, நான் இவளுடைய தந்தை என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னேன். அதனால்தான் என்று புன்னகைத்தார் அவர்.

வெளியே நாற்காலியில் அமர்ந்தபோது இருந்த சினம், சிறிது நேரத்தில் அச்சமாயிற்று. செந்துறைக்கு அருகே எங்கள் ஊர்ச் சுகாதார நிலையம் நினைவுக்கு வந்துவிட்டது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆய்வுக்காக அங்குள்ள கர்ப்பிணிகளை உமையாள் சந்தித்தாள். சென்னை விடுதிகளில் படித்து வளர்ந்தவளுக்கு ஊர்ப் பேச்சு பிடிபடவில்லை. கேள்விகளை நான் கேட்டு, பதில்களை அவளுக்குச் சொன்னேன். மார்கழி முழுவதும் கோயிலில் பதிகம் பாடுகிறவன், நிலம் உடையவன் என்பதால் அவ்வூரில் எனக்கொரு மரியாதை உண்டு. எங்கள் பருத்திக் காட்டில் வேலை செய்யும் பவுனாம்பாள் ஏழு மாத வயிற்றோடு வந்தாள். என்னைக் கண்டதும் வேப்பமரத்துப் பக்கம் ஒதுங்கி, வாயில் அடக்கியிருந்த புகையிலையைத் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு வந்து நின்றாள். பெரியவர் முன்னால் அப்படிச் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். அறைக்குள் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்த உமையாள் அதைக் காணவில்லை.

புகையிலை போடுவதுண்டா என்று கேட்டேன்.

"அந்தப் பழக்கமெல்லாம் கெடையாதுங்கய்யா."

கண்ணால் கண்டிருந்தும் மகளிடம் 'இல்லை' என்றேன். எங்கள் பெண்களைப் பற்றி அயல்நாட்டார் படிக்கும் தாளில் இழிவாக ஒரு சொல் வரக்கூடாது என்ற வீம்பு. பின்னால் வந்தவர்களும் அவ்வாறே வாய் கொப்பளித்தார்கள், அவர்களுக்கும் 'இல்லை'தான். கட்டுரை ஓர் ஆய்விதழில் வெளிவந்தது. அப்பகுதிக் கர்ப்பிணிகளிடம் புகையிலைப் பழக்கம் அரிது என்றது. நன்றியுரையில் என் பெயர் இருந்தது. அந்தப் பக்கத்தைப் பூசை மாடத்தில் வைத்துத் திருநீறிட்டேன்.

செவிலி என்னை வெளியே இருக்கச் சொன்ன மறுநாள், பவுனாம்பாளைத் தொலைபேசியில் அழைத்து, அன்று ஏன் இல்லையென்று சொன்னாய் எனக் கேட்டேன். சிரித்துவிட்டாள்.

"நீங்க எதுர்ல ஒக்காந்திருந்தா யாருங்கய்யா சொல்லுவா? உங்களக் கண்டா எங்க ஊட்டுக்காரரே பீடிய அவிச்சிட்டு வரப்ப விட்டு எறங்கி நிப்பாரு. டாக்டரு பாப்பாவ மட்டும் அனுப்பியிருந்தா சொல்லியிருப்பம்ல."

பிறகு அவள் குரல் தாழ்ந்தது.

"எம் புள்ள எட ரொம்பக் கம்மியா பொறந்துச்சுங்க. அதுனாலதானுங்களா?"

இருக்கலாம், டாக்டரிடம் கேள் என்று மழுப்பினேன். அவள் கேட்டிருக்க வேண்டிய டாக்டர் அன்று எதிரிலேயே இருந்தாள். நடுவில் நான் இருந்தேன்.

இன்று காலை பூசை முடித்து, மகளிடம் அனைத்தையும் சொன்னேன்.

"தெரிஞ்சேதான் இல்லன்னு சொன்னீங்களாப்பா?"

"ஆமாம்மா."

அவள் மேசைக்குப் போனாள். மடிக்கணினியைத் திறந்து, தன் முடிவுகளை நம்ப வேண்டாமென்று அந்த இதழுக்கு எழுதத் தொடங்கினாள். ஆண்டுக்கணக்கில் அவள் உழைத்துச் சேர்த்த நற்பெயர் என்னவாகும் என்று எண்ணியபடி பக்கத்தில் நின்றேன். எழுதி முடித்தபின் நிமிராமலே சொன்னாள்: "அடுத்த தடவ ஊருக்கு ஆய்வுக்குப் போறப்ப அங்க இருக்கற நர்ஸம்மாவோட நான் மட்டும் போறேன். நீங்க வர வேணாம்ப்பா."

பிற்பகலில் மீண்டும் சோதனைக்குப் போனோம். செவிலி சொல்வதற்கு முன் நானே எழுந்து வெளியே வந்தேன். மூடிய கதவுக்கு அப்பால் மகள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடினால் அது செந்துறைப் பக்கத்து அறையாகவும் இருந்தது. உள்ளே பவுனாம்பாள் வாய் கொப்பளிக்காமல் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு ஊரிலும் இனி என் இடம் இந்த நாற்காலிதான்.

இதைப் படிப்போர் இல்லங்களில் சூல்கொண்ட பெண்கள் நலமே பெற்றெழுக. அவர்கள் கூசாமல் பேச ஒரு செவி வாய்க்க, இறைவன் அருள்க.