மஞ்சள் குடையும் பப்பாசித் துண்டும்

எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் மஞ்சள் குடை ஒன்று தொங்குகிறது. கண்டியில் மழைக்குப் பஞ்சமில்லை. குடையில்லாமல் சந்திப் பேக்கரிக்குப் போய் ஒரு றாத்தல் பாண் வாங்கி வரக்கூட முடியாது. ஆனாலும் இரண்டு வருஷமாக அந்தக் குடையை வீட்டில் யாரும் தொடுவதில்லை. வந்த விருந்தாளி யாராவது அதை எடுக்கக் கை நீட்டினால், நான் ஓடிப்போய் என் கறுப்புக் குடையைக் கையில் திணித்து அனுப்பிவிடுவேன். குடையின் சொந்தக்காரி என் மதினி, அதாவது என் கணவரின் அக்கா. மாநகரசபையில் கோப்பு எழுதும் இலிகிதராக இருக்கிறார். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவர். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார்.

மதினிக்கு மிருகக்காட்சிச்சாலைப் பைத்தியம். இதைவிட மரியாதையான சொல்லைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மாதத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு விடியற்காலை ரயிலில் கொழும்புக்குப் போவார். "பார்க்கப் போறேன்" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல, "போய் விசாரிச்சிட்டு வந்துர்றேன்" என்பார். பௌர்ணமிப் போயா தினத்திலும் பள்ளிக்கூட விடுமுறையிலும் போகவே மாட்டார். கூட்டம் கூடினால் மிருகங்களுக்குத் தலையிடி வருமாம். அடைமழை பெய்தால் மதினிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அன்றைக்குத்தான் நிம்மதியாக விசாரிக்கலாம்.

கடுகண்ணாவையில் அதே பெட்டியில் நானா ஏறுவார், அண்ணன் முறையில் நாங்கள் அப்படிக் கூப்பிடும் முஸ்லிம் பெரியவர். அங்கே சின்னதாக ஒரு பேக்கரி நடத்துகிறவர். பல வருஷத்துக்கு முன்னால் ரயிலில் பேச்சுக் கொடுத்தபோது, இருவருக்கும் ஒரே வியாதி என்று தெரிய வந்ததாம். நானாவின் ஆள் நீர்யானை. அது தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கும் வரை நானா பகல் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கமாட்டார். சில நாள் பின்னேரம் மூன்று மணிக்குத்தான் அவருக்குச் சோறு. மதினியின் ஆள் இருவாட்சி. தலைக்குமேல் இன்னொரு மூக்கை ஒட்டவைத்தது போன்ற பெரிய மஞ்சள் அலகுள்ள பறவை. நீர்யானைக்கு மூளை அதிகமா, இருவாட்சிக்கு அதிகமா என்று கடுகண்ணாவையில் தொடங்கும் சண்டை கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் வரை நடக்கும்.

இவர்கள் உடுப்பு மாற்றுவதுமில்லை. நானாவுக்கு எப்போதும் ஒரே நீலச் சட்டை. அது நைந்துபோனால் அதே துணியைத் தேடிப் பிடித்து இன்னொன்று தைப்பார். "உடுப்ப மாத்தினா அவருக்கு நம்மளத் தெரியாமப் போயிரும் புள்ள" என்று நீர்யானையைப் பற்றி என்னிடம் மரியாதையாகச் சொன்னார். மதினிக்கு மண்ணிறச் சேலையும் இந்த மஞ்சள் குடையும். வெயிலோ மழையோ, கூட்டுக்கு முன்னால் குடை விரிந்திருக்க வேண்டும். எதையும் ஊட்டக்கூடாது, உள்ளேயிருந்து ஒரு துரும்பையும் வெளியே கொண்டுவரக்கூடாது என்பது மதினியின் சட்டம். கடலை எறிகிறவர்களை ஒரு பார்வை பார்ப்பார், அவர்கள் கடலைச் சுருளையே பைக்குள் ஒளித்துவிடுவார்கள். ஒரு முறை யாரோ ஒரு தகப்பன் பிள்ளைக்கு இருவாட்சியைக் காட்டிக் "கழுகு" என்று சொல்லிவிட்டாராம். மதினி அந்தக் குடும்பத்தை முதலைத் தொட்டி வரைக்கும் துரத்திப் போய்த் திருத்திவிட்டுத்தான் திரும்பியிருக்கிறார்.

அந்த இருவாட்சி மதினிக்குப் பப்பாசிப் பழம் கொடுக்கும். பொய்யில்லை. மதினி போய் நின்றதும் உள்ளேயிருந்து பறந்து வந்து, தட்டிலிருந்து ஒரு துண்டை அலகு நுனியில் எடுத்து, கம்பி வலைக்கு வெளியே நீட்டுமாம். பொந்துக்குள் அடைகாக்கும் பெட்டைக்கு ஆண் பறவை ஊட்டுவது இப்படித்தான் என்று மதினியே எங்களுக்கு விளக்கம் சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம். அன்றிலிருந்து என் கணவர் இருவாட்சிக்கு "மாப்பிள்ளை" என்று பெயர் வைத்துவிட்டார். மதினி கோபித்துக்கொள்வதுபோல் நடிப்பார். ஆனால் இரவுச் சாப்பாட்டின்போது, "எட்டு வருஷமா ஒரு தடவகூட என்னை அடையாளம் தெரியாம இருந்ததில்ல" என்று சொல்லும்போது அவர் முகம் மின்னும். அலுவலகத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவர் பெயரை மறந்துபோகிற மேலதிகாரி ஒருவர் இருந்தார். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

பிறகொரு நாள் எங்கள் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து மதினி காலை முறித்துக்கொண்டார். மாதக்கணக்கில் கட்டில்தான் கதி. காலைப் பற்றி அவர் கவலைப்படவில்லை, மாப்பிள்ளையைப் பற்றித்தான் கவலை. கடைசியில் என்னை அனுப்பினார். "நீ போய் விசாரிச்சிட்டு வா. குடையைக் கொண்டு போ, மழை வரும்."

நானாவோடு போனேன். கூட்டுக்கு முன்னால் குடையை விரித்துக்கொண்டு நின்றேன். பெரிய விசிறி வீசுவதுபோல ஒரு சத்தம். வந்தது! ஒரு சிவந்த பப்பாசித் துண்டை எடுத்து என்னிடம் நீட்டியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஐயோ, என்னையும் பிடித்துவிட்டதே என்று குழந்தைபோல் துள்ளினேன். அந்தத் துள்ளலில் குடை ஒரு பக்கம் சாய, பறவையும் அந்தப் பக்கம் நகர்ந்தது. குடையை மறுபக்கம் கொண்டுபோனேன், அதுவும் மறுபக்கம் வந்தது. குடையை நானாவின் கையில் கொடுத்தேன். பறவை நானாவுக்குப் பப்பாசி நீட்டியது.

நானா பேயறைந்தவர்போல நின்றார். "யா அல்லாஹ்! இதப் போய் அவங்ககிட்டச் சொல்லிராதீங்க புள்ள." அன்றைக்கு நீர்யானை தலையைத் தூக்கியும் அவர் பார்சலைப் பிரிக்கவில்லை. தன் நீலச் சட்டையை அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் கால் வைக்க முன்னமே மதினி, "வந்துச்சா?" என்று கேட்டார். "வரல்ல மதினி" என்றேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா, ஆள் மாறினா வராது" என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாளிலிருந்து, தன்னைக் காணாமல் அது ஏங்கிப்போய்க் கிடக்கிறது என்று தானும் ஏங்கத் தொடங்கினார். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். எனக்குக் கிடைத்தது, ஆனால் ஒரு வாய்கூட இறங்கவில்லை.

டொக்டர் நடக்கலாம் என்று சொன்ன அதே கிழமை மதினி புறப்பட்டுவிட்டார். வலது கையில் ஊன்றுகோல், இடது கையில் என் தோள். குடை பிடிக்க மூன்றாவது கை இல்லை. "கிடக்கட்டும், வெயில்தானே" என்றார். குடையை நான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். வழி முழுக்க நானா என் முகத்தைப் பார்ப்பதும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுமாக வந்தார். ரயிலில் சண்டையே நடக்கவில்லை.

கூட்டுக்கு முன்னால் மதினி நிமிர்ந்து நின்றார். மண்ணிறச் சேலைக்கு இஸ்திரி போட்டிருந்தார். இருவாட்சி உள்ளே கொம்பில் இருந்தபடி தலையைச் சாய்த்துப் பார்த்தது, பிறகு இறகைக் கோதத் தொடங்கியது. மதினி நாக்கைச் சொடுக்கினார். "ஏய், நான்தான்" என்றார். அது திரும்பவேயில்லை. பத்து நிமிஷம் போயிருக்கும். மதினியின் உதடு துடிப்பதைப் பார்த்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. பின்னாலிருந்து குடையை விரித்து அவர் தலைக்கு மேலே பிடித்தேன்.

சடசடவென்று வந்தது. பப்பாசியை நீட்டியது. மதினி "ஆ!" என்று கத்தினார். கத்திய வாய் மூடுவதற்குள், பறவையின் பார்வை போகும் திசையில் நிமிர்ந்து தன் தலைக்கு மேலிருந்த மஞ்சளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மடக்கு" என்றார். மடக்கினேன். பறவை பழத்தோடு விழித்துக்கொண்டு நின்றது. "விரி." விரித்தேன், நீட்டியது. "மடக்கு. விரி." நாலைந்து தடவை. வேடிக்கை பார்க்க ஆட்கள் கூடிவிட்டார்கள். மதினியின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. ஆனால் அந்தக் கண்கள்! புதையலைக் கண்டவரின் கண்கள் அப்படித்தான் இருக்கும். "அடியே, இது குடையைத்தான் பெட்டையோட மூக்குன்னு நெனச்சிருக்கு! எட்டு வருஷமா அதுங்க ரெண்டுக்கும் நடுவுல நான் குடைக்காம்பு பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கேன்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானாவும் நானும் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தோம்.

திரும்பும்போது ரயிலில் மதினி குடையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் இருந்தார். கடுகண்ணாவையில் நானா இறங்கிய பிறகு சொன்னார்: "அதுக்கு இன்னும் என்னைத் தெரியாது புள்ள. இனிமேதான் பழகணும். இந்தக் குடையை இனி வெளியில எடுக்காத."

அன்றைக்கு ஆணியில் ஏறிய குடைதான் இது. அதன் பிறகு மதினி மாதந்தவறாமல் வெறுங்கையோடு போனார். மழையில் தெப்பமாக நனைந்தபடி கூட்டுக்கு முன்னால் நிற்பார். அது கொம்பைவிட்டு இறங்காது. தும்மிக்கொண்டே வீட்டுக்கு வருவார். நான் கொத்தமல்லி அவித்துக் கொடுத்துக்கொண்டே திட்டுவேன். "இன்னைக்கு என்னை ரெண்டு தடவை திரும்பிப் பாத்துச்சு" என்பார். நானா அந்த வருஷமே வெள்ளைச் சட்டைக்கு மாறிவிட்டார். பரீட்சை எழுதுகிறவர்போல நடுங்கிக்கொண்டு போனாராம். அதன் முடிவை இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை நல்ல மழை. பொழுது சாயும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. மதினி சொட்டச் சொட்ட நின்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையை என் முன்னால் நீட்டினார். நசுங்கிப்போன ஒரு பப்பாசித் துண்டு, ஓரத்தில் அலகு பதிந்த பள்ளத்தோடு. உள்ளேயிருந்து ஒரு துரும்பையும் வெளியே கொண்டுவராத மனுஷி.

நான் சட்டென்று கதவுக்குப் பின்னால் போய்க் குடையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.